சட்டம் படித்த பெண் கடல் கடக்கலாமா?

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் நம் பள்ளி வளாகத்தில் கேட்கும் பேச்சு ஆண்டுக்கு ஆண்டு மாறி வருகிறது. ஒரு காலத்தில் டாக்டர், என்ஜினீயர், டீச்சர் என்ற மூன்று சொற்களுக்குள் எல்லா ஆசைகளும் அடங்கிவிடும். இன்றோ "வக்கீலுக்குப் படிக்கப் போகிறேன்" என்று துணிந்து சொல்லும் மாணவிகள் அம்பத்தூரிலும் உண்டு, ஆவடியிலும் உண்டு, பூந்தமல்லியிலும் உண்டு. அதைக் கேட்டு மகிழும் பெற்றோர் உடனே மற்றொரு கேள்வியையும் கேட்கின்றனர். "நர்ஸ் படிப்புப் படித்த பக்கத்து வீட்டுப் பெண் குவைத்துக்குப் போய்விட்டாள். கம்ப்யூட்டர் படித்த அண்ணன் அமெரிக்காவில் இருக்கிறான். சட்டம் படித்தால் வெளிநாட்டில் வேலை கிடைக்குமா?"

இக்கேள்வி நியாயமானதே. ஏனெனில் இதன் பின்னால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு இருக்கிறது; பல வீடுகளில் வீட்டுப் பத்திரமே இருக்கிறது. இப்பள்ளியில் படித்துப் பின்னர் சட்டம் பயின்ற நாங்கள், எங்களுக்குத் தெரிந்ததைத் தங்கைகளுக்கும் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்வது எங்கள் கடமை எனக் கருதி இக்கட்டுரையை எழுதுகிறோம். முடியும் என்பதே எங்கள் பதில். ஆனால் அந்தப் பாதை நர்ஸ் சென்ற பாதையும் அன்று, என்ஜினீயர் சென்ற பாதையும் அன்று.

எல்லையில் நின்றுவிடும் படிப்பு

மனித உடல் எந்த நாட்டிலும் ஒன்றே. அம்பத்தூரில் இதயம் இருக்கும் இடத்தில்தான் லண்டனிலும் இதயம் இருக்கிறது. இரும்பு எங்கும் ஒரே சூட்டில்தான் உருகுகிறது. ஆனால் சட்டம் அப்படிப்பட்டதன்று. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் என்று நாம் இங்கே கற்பவை திருவள்ளூர் மாவட்டத்து நிலத்துக்குப் பொருந்தும். டொரோண்டோ நகரத்து நிலத்துக்குப் பொருந்தா. ஒவ்வொரு நாட்டுக்கும் அதனதன் சட்டமன்றம் இயற்றிய சட்டங்களும், அதனதன் நீதிமன்றங்கள் வழங்கிய தீர்ப்புகளும் உண்டு. ஆகவேதான் எல்லையைத் தாண்டியவுடன் வக்கீல் மீண்டும் மாணவியாகிவிடுகிறாள்.

இதைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. வக்கீல் தொழில் செய்வதற்கு உரிமம் வேண்டும். அந்த உரிமத்தை ஒவ்வொரு நாட்டிலும் ஒரு வக்கீல் மன்றம் காத்து நிற்கிறது. நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் அந்தப் பொறுப்பைப் பார் கவுன்சில்களுக்கு அளித்துள்ளது. அச்சட்டத்தின் 47ஆம் பிரிவு, எந்த நாடு நம் வக்கீல்களை அனுமதிக்க மறுக்கிறதோ அந்த நாட்டு வக்கீல்களை நாமும் மறுக்கலாம் என்கிறது. கதவு இரு பக்கமும் தாழிடப்பட்ட கதவு என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் இங்கே வக்கீலாவது எப்படி?

பிளஸ் டூ முடித்தவர்கள் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பிலும், ஏதேனும் ஒரு பட்டம் பெற்றவர்கள் மூன்றாண்டுப் படிப்பிலும் சேரலாம். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் இடம் வழங்கப்படுகிறது. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் சேர அகில இந்திய அளவில் நடக்கும் கிளாட் என்ற நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். 1891இல் தொடங்கி உயர் நீதிமன்ற வளாகத்தில் நூறாண்டுக்கும் மேலாக நடந்த சென்னைச் சட்டக் கல்லூரி, 2018இல் இரண்டாகப் பிரிந்து புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் இடம் மாறியது. பட்டறைப்பெரும்புதூர் நம் திருவள்ளூரை அடுத்தே உள்ளது. நம் பகுதிப் பெண்களுக்கு இது ஒரு நல்வாய்ப்பு.

பட்டம் பெற்றபின் மாநிலப் பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். இப்பதிவுக்கு முன்பு பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் பணம் வாங்கினர். 2024 ஜூலை 30இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் குறித்துள்ளபடி பொதுப் பிரிவினரிடம் ரூ. 750க்கு மேலும், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினரிடம் ரூ. 125க்கு மேலும் பதிவுக் கட்டணம் பெறலாகாது எனத் தீர்ப்பளித்தது. பெற்றோர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பதிவுக்குப் பின் அகில இந்தியப் பார் தேர்விலும் தேற வேண்டும். அத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம்.

முன்னே சென்றவர்கள்

வெளிநாட்டில் சட்ட வேலை தேடிச் சென்ற இளம் பட்டதாரிகளில் உலகமே அறிந்தவர் காந்தியடிகள். 1891இல் லண்டனில் பாரிஸ்டர் ஆகித் திரும்பிய அவருக்கு இங்கே வழக்குகள் கிடைக்கவில்லை. பம்பாயில் முதல் வழக்கில் எழுந்து நின்றவர் பேச நா எழாமல் உட்கார்ந்துவிட்டார். பின்னர் ராஜ்கோட்டில் மனுக்கள் எழுதிக் கொடுத்துக் காலம் கழித்தார். 1893இல் தாதா அப்துல்லா கம்பெனியார் தென்னாப்பிரிக்காவில் தங்கள் வழக்கு ஒன்றுக்கு உதவ அவரை அழைத்தனர். ஓராண்டு வேலை, 105 பவுண்டு ஊதியம், முதல் வகுப்பில் போகவர கப்பற் கட்டணம் என்பது ஒப்பந்தம்.

இந்த ஒப்பந்தத்தைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். எத்தனை காலம், எவ்வளவு ஊதியம், திரும்பிவர யார் செலவு என்ற மூன்றும் புறப்படும் முன்பே தெளிவாகி இருந்தன. இன்றும் வெளிநாட்டு வேலைக்கான கடிதத்தில் நாம் முதலில் தேட வேண்டியவை இந்த மூன்றே. மேலும் அவரை அழைத்ததற்குக் காரணம் அவருடைய வாதத் திறமை அன்று. வழக்கின் கணக்கேடுகளும் கடிதங்களும் குஜராத்தியில் இருந்தன. அவற்றைப் படித்து ஆங்கில வக்கீல்களுக்கு விளக்க ஒருவர் வேண்டியிருந்தது. தாய்மொழிதான் அவருக்கு வேலை வாங்கித் தந்தது. கணக்கு எழுதும் முறையை அங்கே போய்ப் புதிதாகக் கற்றுக்கொண்டார்.

அடுத்த ஆண்டு நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் வக்கீலாகப் பதிவு செய்ய மனுச் செய்தபோது அங்கிருந்த வக்கீல் சங்கம் எதிர்த்தது. நீதிமன்றம் எதிர்ப்பைத் தள்ளி அவரை அனுமதித்தது. தொழில் தொடங்கிய சிறிது காலத்தில் கிழிந்த உடையும் உடைந்த பற்களுமாக ஒரு கூலித் தொழிலாளி அழுதுகொண்டு அவர் முன் வந்து நின்றார். முதலாளியிடம் அடிபட்ட அவர் ஒரு தமிழர், பெயர் பாலசுந்தரம். அவரைக் காந்தியடிகள் வேறு முதலாளியிடம் மாற்றிவிட்ட செய்தி பரவி, ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற நம் மக்களின் நம்பிக்கையை அவருக்குப் பெற்றுத் தந்தது.

பெண்களில் முன்னோடி கொர்னிலியா சொராப்ஜி. 1889இல் இங்கிலாந்து சென்று, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்ற முதல் பெண்மணி அவர். 1892இல் தேர்வு எழுதித் தேறினார். ஆனால் பெண் என்பதால் பட்டம் தரவில்லை. அந்தப் பட்டம் அவர் கைக்கு வந்தது 1922இல். முப்பது ஆண்டுகளுக்குப் பின்! அதுவரை அவர் சும்மா இருக்கவில்லை. கோஷா முறையில் வாழ்ந்து, ஆண் வக்கீல்களைப் பார்க்க இயலாத பெண்களின் சொத்துரிமைக்காக உழைத்தார். 1923இல் வந்த சட்டம்தான் இந்தியாவில் பெண்கள் வக்கீலாவதற்கு இருந்த தடையை நீக்கியது.

மூன்றாமவர் நம் தமிழினத்துப் பெண். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 1941இல் பஸ் ஓட்டுநரின் மகளாகப் பிறந்தவர் நவநீதம் பிள்ளை. அவருடைய கல்லூரிப் படிப்புக்கு ஊர் மக்கள் பணம் திரட்டிக் கொடுத்தனர். சட்டம் முடித்து வேலை தேடியபோது, வெள்ளையரல்லாத பெண்ணுக்கு எந்தச் சட்ட நிறுவனமும் வேலை தரவில்லை. எனவே 1967இல் தாமே அலுவலகம் திறந்தார்; நேட்டால் மாகாணத்தில் சொந்தமாக வக்கீல் தொழில் தொடங்கிய வெள்ளையரல்லாத முதல் பெண் அவர். பல ஆண்டுகள் தொழில் செய்தபின் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1982இல் மேற்பட்டமும், 1988இல் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றார். 1995 முதல் ருவாண்டா நாட்டு இனப் படுகொலையை விசாரித்த சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியாகவும் பின்னர் அதன் தலைவராகவும், 2003 முதல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்ற நீதிபதியாகவும், 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராகவும் பணியாற்றினார்.

இவர்களுடைய வரலாற்றில் ஓர் ஒற்றுமையைக் காணலாம். மூவரில் எவருக்கும் பட்டம் பெற்ற மறுநாளே நாற்காலி காத்திருக்கவில்லை. மூவரும் தமக்கு மட்டுமே செய்யக்கூடியதாயிருந்த ஒரு வேலையைக் கண்டுகொண்டு, அதிலிருந்து மேலே சென்றனர்.

நாட்டுக்கு நாடு என்ன விதி?

இங்கிலாந்து: அங்கே சொலிசிட்டர் ஆவதற்கு 2021 செப்டம்பரில் புதிய தகுதித் தேர்வு முறை வந்தது. முதற் பகுதியில் இரண்டு தாள்கள். தாளுக்கு 180 கேள்விகள். இரண்டாம் பகுதியில் கட்சிக்காரருடன் பேசுதல், பத்திரம் எழுதுதல், வாதாடுதல் முதலியவற்றைச் செய்து காட்ட வேண்டும். புதிய பட்டதாரிக்கு இதனுடன் இரண்டாண்டு வேலைப் பயிற்சியும் தேவை. ஆனால் வேறு நாட்டில் முறையாகப் பதிவு பெற்ற வக்கீலுக்கு அந்த இரண்டாண்டுப் பயிற்சி தேவையில்லை. நம் பார் கவுன்சில் பதிவின் மதிப்பு இங்கே விளங்குகிறது. இரு பகுதிகளுக்குமான தேர்வுக் கட்டணம் 2024 செப்டம்பரில் 4,790 பவுண்டாக இருந்தது. அதாவது ஐந்து லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல்.

அமெரிக்கா: அங்கே மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. நியூயார்க் மாநிலப் பார் தேர்வை எழுத நம்மவர் பலர் அங்கே ஓராண்டு எல்.எல்.எம். படிக்கின்றனர். கலிபோர்னியா மாநிலம், வேறு நாட்டில் பதிவு பெற்றுத் தொழில் செய்யும் வக்கீல்களைத் தேர்வெழுத அனுமதிக்கிறது. ஆயினும் தேர்வில் தேறுவது வேறு, அங்கே தங்கி வேலை செய்ய விசா பெறுவது வேறு. எச்-1பி என்னும் வேலை விசாவுக்கு ஆண்டுக்கு 85,000 என்ற வரம்பு உண்டு. விண்ணப்பிப்போர் அதைவிட மிக அதிகம். பார் தேர்வில் தேறியும் விசா கிடைக்காமல் திரும்புவோர் உண்டு.

கனடா: தேசிய மதிப்பீட்டுக் குழு என்ற அமைப்பிடம் நம் பட்டத்தையும் மதிப்பெண்களையும் அனுப்ப வேண்டும். நாம் எந்தெந்தப் பாடங்களை மேலும் எழுத வேண்டும் என்பதை அது சொல்லும். கனடாவின் அரசியலமைப்புச் சட்டம், குற்றவியல் சட்டம், நிர்வாகச் சட்டம், தொழில் ஒழுக்கம் ஆகியவை அவற்றுள் தவறாமல் இடம்பெறும். அதன்பின் அங்குள்ள மாகாண வக்கீல் சங்கத்தின் தேர்வும் பயிற்சிக்காலமும் உண்டு. டொரோண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பெருந்தொகையாக வாழ்கின்றன. தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதித் தரும் வக்கீலுக்கு அங்கே தேவை உண்டு.

ஆஸ்திரேலியா: அங்கும் மதிப்பீடுதான். பதினொரு அடிப்படைப் பாடங்களில் நாம் படித்தவை எவை, விடுபட்டவை எவை என்று பார்த்து, விடுபட்டவற்றை அங்கே படிக்கச் சொல்வர்.

சிங்கப்பூர்: தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் நாடு என்பதால் எளிது என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் அங்கே வக்கீலாக ஏற்பதற்கு அந்நாடு அங்கீகரித்த பல்கலைக்கழகங்களின் பட்டியல் ஒன்று உண்டு; நம் பல்கலைக்கழகங்கள் அதில் இல்லை. எனினும் கம்பெனிகளின் சட்டப் பிரிவுகளில் நம் பட்டதாரிகள் வேலை பெறக்கூடும்.

வளைகுடா நாடுகள்: அங்குள்ள நீதிமன்றங்களின் மொழி அரபு; பெரும்பாலும் அந்நாட்டினரே வாதாடுவர். நம்மவர் சட்ட ஆலோசகராகவோ, கம்பெனியில் ஒப்பந்தங்களைக் கவனிப்பவராகவோ பணிபுரிகின்றனர். துபாயின் நிதி மையத்துக்கென ஆங்கிலத்தில் இயங்கும் தனி நீதிமன்றம் இருக்கிறது. இத்தகைய வேலைகளுக்கு வெறும் பட்டத்தைவிட, இங்கே சில ஆண்டுகள் ஒப்பந்த வேலை பார்த்த அனுபவத்தையே கேட்கின்றனர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. லண்டன் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஓராண்டு எல்.எல்.எம். படிப்புக்குக் கட்டணம் மட்டுமே 20,000 பவுண்டைத் தாண்டுகிறது. விடுதி, சாப்பாடு, விமானம், விசா எல்லாம் சேர்த்து ஒரு குடும்பம் முப்பது லட்சம் ரூபாய் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பத்து வட்டியில், பத்தாண்டுத் தவணையில் மாதம் ஏறத்தாழ ரூ. 39,600 கட்ட வேண்டும். வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் ரூ. 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பர். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ ஆவடித் தொழிற்சாலையிலோ இருபது முப்பது ஆண்டு உழைத்து ஒரு தகப்பனார் வாங்கிய மனைதான் அந்த ஈடு.

வேலை கிடைக்காமல் பெண் திரும்பினால் என்ன ஆகும்? 2024 அக்டோபரில் இந்தியப் பார் கவுன்சில், ஜூனியர் வக்கீல்களுக்கு மாதம் நகரங்களில் ரூ. 20,000, கிராமப்புறங்களில் ரூ. 15,000 வழங்குமாறு சீனியர்களுக்குப் பரிந்துரை செய்தது. அந்தத் தொகை முழுவதையும் வங்கிக்குக் கொடுத்தாலும் தவணையில் பாதிதான் அடையும். இங்கிலாந்தில் படித்து முடித்தபின் வேலை தேடத் தரும் காலமும் குறைகிறது. 2021 முதல் இரண்டாண்டாக இருந்த அந்தக் காலம், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் பட்டதாரிகளுக்குப் பதினெட்டு மாதம் என்று அந்நாட்டு அரசு அறிவித்துள்ளது. வேலை விசாவுக்கான பொதுவான குறைந்தபட்ச ஊதியத்தை 2025 ஜூலையில் ஆண்டுக்கு 41,700 பவுண்டாக உயர்த்தியது. இவற்றைச் சொல்லாமல் "போனால் போதும், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்பவர் நமக்கு நண்பராக இருக்க முடியாது.

உதவித்தொகை வழியும் உண்டு. இங்கிலாந்து அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டாண்டு வேலை அனுபவம் கேட்கின்றனர். ஆகவே பட்டம் பெற்றவுடன் ஓடாமல் இரண்டாண்டு இங்கே தொழில் செய்தவளுக்கே அது கிட்டும். பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும், தமிழக அரசின் அயலக உயர்கல்வித் திட்டமும் உள்ளன. இவற்றின் விதிகளை ஆண்டுதோறும் பார்த்து உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

ஏமாற வேண்டா!

வெளிநாட்டு ஆசை உள்ள இடத்தில் இடைத்தரகரும் இருப்பார். சட்டம் படித்தவளையே ஏமாற்றுவார்களா என்று கேட்கலாம். ஏமாற்றுகிறார்கள். "தேர்வே வேண்டாம், நேராக வக்கீல் வேலை" என்று சொன்னால் அது பொய். அப்படி ஒரு நாட்டையும் நாங்கள் மேலே கூறவில்லை. "முதலில் சுற்றுலா விசாவில் போங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்றால் அது ஆபத்து. ரசீது இல்லாமல் ரொக்கம் கேட்பதும், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதும் தீய அறிகுறிகள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதைப் பிறர் பிடித்து வைக்க உரிமையில்லை.

1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் உண்மையா என்பதை அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக ரூ. 30,000மும் அதன் மீதான வரியும் தவிர அதிகம் வாங்கலாகாது. சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் உள்ளது. தமிழக அரசே 1978இல் தொடங்கிய அயல்நாட்டு மனிதவள நிறுவனமும் உண்டு. ஐயம் எழுந்தால் பணம் கொடுக்கும் முன் இங்கே விசாரிக்க வேண்டும். பணம் போனபின் புகார் கொடுப்பதைவிட இது நூறு மடங்கு எளிது.

இருந்த இடத்திலிருந்தே வெளிநாட்டு வேலை

கடல் கடக்காமலே கடல் கடந்த வேலையைச் செய்யும் வழியும் இப்போது வந்துள்ளது. அமெரிக்க, ஆங்கிலக் கம்பெனிகளின் ஒப்பந்தங்களைச் சரிபார்த்தல், வழக்குக்கான ஆயிரக்கணக்கான ஆவணங்களைப் படித்துப் பிரித்தல், காப்புரிமைத் தேடுதல் முதலியவற்றைச் சென்னை அலுவலகங்களில் இருந்தபடியே செய்கின்றனர்.

இது சட்டப்படி சரியா என்ற கேள்வி எழுந்ததும் நம் சென்னையில்தான். ஏ.கே.பாலாஜி என்ற வழக்கறிஞர், வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் இந்தியாவில் தொழில் செய்யக் கூடாது எனச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2012இல் உயர் நீதிமன்றமும், மேல்முறையீட்டில் 2018 மார்ச் 13இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. வெளிநாட்டு வக்கீல்கள் இங்கே அலுவலகம் அமைத்து வக்கீல் தொழில் செய்ய முடியாது. எப்போதாவது வந்து தங்கள் நாட்டுச் சட்டம் பற்றி ஆலோசனை கூறிச் செல்லலாம். இத்தகைய அலுவலகப் பணி நிறுவனங்களுக்குப் பொதுவான தடையில்லை, ஆனால் அவை செய்வது உண்மையில் வக்கீல் தொழிலே என்றால் சட்டம் குறுக்கிடும் என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் சாரம். பின்னர் 2023 மார்ச்சில் பார் கவுன்சில், வெளிநாட்டு வக்கீல்கள் பதிவு செய்துகொண்டு நீதிமன்றம் சாராத சில வேலைகளைச் செய்ய இடமளிக்கும் விதிகளை வெளியிட்டது. 2025 மே மாதம் அவற்றைத் திருத்தியது. வரும் ஆண்டுகளில் வெளிநாட்டு நிறுவனமே நம் வாசலுக்கு வரக்கூடும்.

ஒன்றை மறக்கலாகாது. கம்பெனியில் முழுநேரச் சம்பள வேலைக்குச் சேர்ந்தால் வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது. பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துப் பதிவை நிறுத்திவைக்க வேண்டும்; திரும்ப வரும்போது புதுப்பித்துக்கொள்ளலாம்.

தங்கைகளே, இப்போதே செய்ய வேண்டியவை

ஒன்று, ஆங்கிலத்தைப் பிழையின்றி எழுதப் பழகுங்கள். வக்கீலின் கருவி நாக்கு என்று நினைக்கிறோம். பாதி வேலை பேனாவில் நடக்கிறது. நாளுக்கு ஒரு செய்தியைப் படித்து அதைப் பத்து வரிகளில் சுருக்கி எழுதுவது நல்ல பயிற்சி.

இரண்டு, தமிழை விட்டுவிடாதீர்கள். பத்திரத்தையும் வாக்குமூலத்தையும் இரு மொழியிலும் துல்லியமாகக் கையாளத் தெரிந்தவர் சிலரே. அகதிகள், தொழிலாளர்கள், முதியோர் என்று நம் மொழி மட்டும் தெரிந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

மூன்று, அறிவியல் பிரிவு மாணவிகள் சட்டத்துக்கு வரக் கூடாது என்று எண்ண வேண்டா. காப்புரிமை முகவர் தேர்வை எழுத அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் கட்டாயம். பி.எஸ்ஸி. முடித்து மூன்றாண்டுச் சட்டம் படித்தவளுக்கு இரண்டு கதவுகள் திறக்கும்.

நான்கு, சட்டக் கல்லூரியில் சேர்ந்தபின் மாதிரி நீதிமன்றப் போட்டிகளில் பங்குகொள்ளுங்கள். ஜெஸ்ஸப் என்னும் சர்வதேசப் போட்டியில் பல நாட்டு மாணவர்கள் கலந்துகொள்கின்றனர்.

ஐந்து, பட்டம் பெற்றவுடன் பதிவு செய்து, இரண்டு மூன்று ஆண்டுகளாவது ஒரு நல்ல சீனியரிடம் இருங்கள். பூந்தமல்லி நீதிமன்றமோ அம்பத்தூர் நீதிமன்றமோ திருவள்ளூரோ, எதுவாயினும் சரி. வாய்தா வாங்குவது முதல் சாட்சியை விசாரிப்பது வரை அங்கே கற்பதை எந்தப் பல்கலைக்கழகமும் கற்பிக்காது. வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது பார் கவுன்சிலிடமிருந்து நன்னடத்தைச் சான்றும் தேவைப்படும். வெளிநாடு அமையாமல் போனாலும் இந்த ஆண்டுகள் வீணாகா. 2025 மே 20இல் உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. நீதிபதி நாற்காலிக்குச் செல்லும் வழியும் இதே வழிதான்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல்

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா என்று தயங்குகிறீர்கள். தயக்கம் அன்பின் அடையாளம். அதைக் குறை சொல்லமாட்டோம். ஆனால் அத்தயக்கத்தைத் தடையாக ஆக்காமல் கேள்விகளாக ஆக்குங்கள். எந்தப் பல்கலைக்கழகம், அதன் பட்டத்தை அந்நாட்டு வக்கீல் மன்றம் ஏற்கிறதா, மொத்தச் செலவு எவ்வளவு, வேலை கிடைக்காவிட்டால் கடனை எப்படி அடைப்பது, ஆபத்துக் காலத்தில் யாரை அழைப்பது என்று உங்கள் மகளிடம் கேளுங்கள். ஐந்து கேள்விகளுக்கும் அவள் தாளில் பதில் எழுதித் தந்தால், அவள் போகத் தகுதியானவள். எழுத முடியவில்லை என்றால் இன்னும் ஓராண்டு பொறுக்கட்டும். அதில் இழிவு ஏதுமில்லை. அவளைவிட மதிப்பெண் பெற்ற அண்ணனோ தம்பியோ போகும்போதும் இதே கேள்விகளைக் கேட்க மறவாதீர்கள்.

அருட்சகோதரியரிடமும் ஆசிரியைகளிடமும் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மேல்நிலை வகுப்பினருக்கு நடக்கும் உயர்கல்வி வழிகாட்டுதலில் சட்டத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பழைய மாணவிகளாகிய எங்களை அழைத்தால் மகிழ்ச்சியுடன் வருவோம்.

அக்கரைக்கு இக்கரை பச்சை என்பார்கள். எந்தக் கரையிலும் பச்சை தானாக முளைப்பதில்லை, விதைத்தவர்க்கே விளைகிறது. நாளை நம் பள்ளியின் மகள் ஒருத்தி எந்த நாட்டு நீதிமன்றத்தில் எழுந்து நின்றாலும், பொய் சொல்லாமலும் கடன் சுமையில் நடுங்காமலும் நிற்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். சட்டம் படித்தவள் சட்டத்தின் வழியே செல்லட்டும். வழி சற்று நீளமாயினும் அவ்வழியே சென்றவர் நிலைத்து நிற்பர்.